ஒளிந்துகொள்ளும் மீனை வெளியே வரவைப்பது: குட்டி சிக்லிட்களும் டிதர் மீன்களும்

சிக்லிட் என்றதும் மீன் வளர்ப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆஸ்கரும் ஃபிளவர்ஹார்னும்தான். நட்ட செடியைப் பிடுங்கிப் போடும், கூட விட்ட மீனைக் குதறும், கண்ணாடிக்கு வெளியே நிற்கும் நம்மையே முறைத்துப் பார்க்கும். மீன் வளர்க்காதவர்களுக்கும் ஒரு சிக்லிட் தெரிந்திருக்கும்: சந்தையில் விற்கும் ஜிலேபி. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன், நம் ஏரி குளங்களில் மற்ற மீன்களை ஓரங்கட்டிவிட்டு எப்படிப் பெருகியது என்பதை மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இப்படிப்பட்ட உறவினர்களால் சிக்லிட் என்றாலே முரடு என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் 1,700-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள குடும்பம் இது. அதில் விரல் நீளத்தைத் தாண்டாத குட்டி மீன்களும் நிறைய உண்டு. கடைகளில் ‘ஜெர்மன் ராம்’ என்று விற்கும் ராம், ‘அபிஸ்டோ’ என்று சுருக்கிச் சொல்லும் அபிஸ்டோகிராமா, நம் ஊர் உப்பங்கழிகளிலேயே வாழும் ஆரஞ்சு குரோமைடு எல்லாம் இந்த வகை. நிறத்தில் குறை சொல்ல முடியாது. குணத்தில் பயந்தாங்கொள்ளிகள்.

இவற்றை முதன்முதலாக வாங்குபவர்கள் எல்லோரும் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள். கடையில் அழகாக இருந்தது. வீட்டுத் தொட்டியில் விட்டதும் ஃபில்டருக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது. அப்புறம் ஆளையே காணோம். உடனே பலரும் செய்வது என்னவென்றால், ஒளிய இடம் இருந்தால்தானே ஒளியும் என்று கல், கட்டை, செடி எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. மீன் கண்ணுக்குத் தெரியும், சரிதான். ஆனால் நிறம் வெளுத்து, துடுப்பை மடக்கி, ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தீனி எடுக்காது. நாளடைவில் நோயில் விழும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. மறைவிடத்தைக் கூட்ட வேண்டும். கூடவே, பயமில்லாமல் திரியும் வேறு சில மீன்களைத் தொட்டியின் மேல்மட்டத்தில் விட வேண்டும். இந்தத் துணை மீன்களுக்கு டிதர் மீன்கள் என்று பெயர். இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் தொட்டி அமைப்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பயம் எங்கிருந்து வருகிறது

ராம் மீனின் சொந்த ஊர், வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் ஒரினோகோ ஆற்றை ஒட்டிப் பரந்து கிடக்கும் புல்வெளிச் சமவெளி. மழைக்காலத்தில் வெள்ளக்காடு, வெயில்காலத்தில் ஆங்காங்கே சூடான குட்டைகளும் ஓடைகளும். அபிஸ்டோகிராமாவில் பல இனங்கள் அமேசான் காட்டின் சிற்றோடைகளில், கரையோரத்தில் உதிர்ந்து மூழ்கிக் கிடக்கும் சருகுக் குவியலுக்குள் வாழ்கின்றன. பல இடங்களில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இருக்காது.

ஆழமில்லாத தண்ணீரில் ஒரு வசதி உண்டு, பெரிய மீன்கள் அவ்வளவாக உள்ளே வர முடியாது. ஆனால் கொக்கும் மீன்கொத்தியும் வரும். ஆகவே இந்த மீன்களுக்கு ஆபத்து பெரும்பாலும் மேலிருந்துதான். தொட்டியின் மூடியைத் திறக்கும் கை, கண்ணாடியைக் கடந்து போகும் நிழல், இருட்டில் பளிச்சென்று போடும் விளக்கு எல்லாமே அதற்குப் பறவைதான். ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் ஒவ்வொரு நிழலுக்கும் ஓடி ஒளிந்ததால்தான் அதன் வம்சம் இன்றுவரை தழைத்திருக்கிறது. அதைக் கோழைத்தனம் என்று சொல்வது நியாயமில்லை.

அதே சமயம், நாள் முழுக்க ஒளிந்தே கிடக்கவும் முடியாது. தின்ன வேண்டும், துணை தேட வேண்டும், எல்லையைக் காக்க வேண்டும். அதனால் வெளியே வரலாமா வேண்டாமா என்று ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஓடி ஒளிய எவ்வளவு தூரம் போக வேண்டும்? அக்கம்பக்கத்தில் இருக்கும் மற்ற மீன்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன?

முதல் கேள்விக்கான விடைதான் மறைவிடம். அரை அடி தூரத்தில் ஒரு பொந்து இருக்கிறது என்று தெரிந்த மீன் தைரியமாக நடுத்தொட்டிக்கு வரும். இரண்டடி தூரத்தில் ஒரே ஒரு பொந்துதான் என்றால் அதை விட்டு நகராது. மறைவிடம் கூடக் கூட மீன் அதிகமாகக் கண்ணில் படுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது கேள்வி

1968-இல் ஜார்ஜ் பார்லோ என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் குறிப்பு எழுதினார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றியவர், வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிக்லிட்களுக்குக் கொடுத்தவர். மீன்களின் நடத்தையை ஆராய்பவருக்கு, தான் பக்கத்தில் போனாலே மீன் மிரண்டு ஒளிந்துகொள்வது பெரிய தொல்லை. வேறு சில மீன்களைக் கூட விட்டு அந்த மிரட்சியைக் குறைக்கலாம் என்பதே அந்தக் குறிப்பின் சாரம். ஆய்வுக்கூடத்தில் பிறந்த இந்த உத்தி அங்கிருந்து வீட்டுத் தொட்டிகளுக்கு வந்து சேர்ந்தது. டிதர் என்ற பெயரும் கூடவே வந்தது.

இதன் வேலை மிக எளிது. தெரியாத ஊரில் ராத்திரி பத்து மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்குகிறோம். தெரு வெறிச்சோடிக் கிடந்தால் நெஞ்சு படபடக்கும். ஒரு டீக்கடை திறந்திருந்து நாலு பேர் பேசிக்கொண்டு நின்றால் நடை தானாகவே நிதானமாகிவிடும். அந்த நாலு பேர் நமக்கு எந்த உதவியும் செய்யவில்லை. சும்மா அங்கே நிற்கிறார்கள், அவ்வளவுதான். மேல்மட்டத்தில் சாவகாசமாக நீந்தும் டெட்ரா என்ற சிறு மீன்களின் கூட்டம் கீழே இருக்கும் சிக்லிட்டுக்கு அதையே செய்கிறது. கொக்கு வந்தால் முதலில் சிதறுவது மேலே இருப்பவைதான். அவை சிதறாமல் மேய்ந்துகொண்டிருந்தால் பயமில்லை என்று பொருள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. துணை மீன்களே பயந்து கிடந்தால் தொட்டி முழுக்கப் பயம் பரவும். செலவைக் குறைக்க இரண்டு மூன்று டெட்ராக்களை மட்டும் விடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கூட்டமாக வாழும் மீனை இரண்டு மூன்றாக விட்டால் அதுவே மிரண்டு செடிக்குள் புகுந்துகொள்ளும். அதைப் பார்த்து சிக்லிட் ஒருபோதும் வெளியே வராது. குறைந்தது எட்டாவது வேண்டும். தொட்டி பெரிதானால் பத்துப் பன்னிரண்டு.

இன்னொன்று. டெட்ரா, டேனியோ, ரஸ்போரா மாதிரியான மீன்களின் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கசியும். அதை மோந்த மற்ற மீன்கள் உடனே கலவரமாகிவிடும். 1938-இல் கார்ல் ஃபான் ஃபிரிஷ் இதைக் கண்டறிந்து எழுதினார். தேனீக்களின் நடன மொழியை ஆராய்ந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அதே ஃபிரிஷ்தான். ஆகவே வலையில் மாட்டி அடிபட்ட, செதில் உரிந்த மீன்களைத் துணையாக வாங்கிவராதீர்கள். அமைதிப்படுத்துவதற்காக விட்டவையே பீதியைக் கிளப்பும்.

எந்த மீனைத் துணைக்கு விடலாம்

மேல்மட்டத்திலோ நடுமட்டத்திலோ திரிய வேண்டும். சிக்லிட்டின் வாயில் அடங்காத அளவு இருக்க வேண்டும். துடுப்பைக் கடிக்கும் பழக்கம் கூடாது. ஒரேயடியாகப் பறக்கும் சுபாவமும் கூடாது. ராம் மீனுக்கு 27 முதல் 30 டிகிரி வரை சூடான தண்ணீர் பிடிக்கும் என்பதால் அந்தச் சூட்டைத் தாங்கும் கார்டினல் டெட்ராவும் ரம்மிநோஸ் டெட்ராவும் அதற்குப் பொருத்தம். பார்க்கக் கார்டினல் மாதிரியே இருந்தாலும் நியான் டெட்ரா சற்றுக் குளிர்ச்சியான தண்ணீர் மீன். ராமோடு சேர்த்தால் இரண்டில் ஒன்று கஷ்டப்படும். அபிஸ்டோவுக்கு எம்பர் டெட்ரா, பென்சில் மீன், ஹார்லெக்வின் ரஸ்போரா எல்லாம் சரிப்பட்டு வரும். என்னைக் கேட்டால் பென்சில் மீன்தான் முதல் தேர்வு. வாய் மிகச் சிறியது, அவசரமே படாது. எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதுதான் குறை.

டைகர் பார்ப் வேண்டவே வேண்டாம். துடுப்பைக் கிழிப்பதில் கெட்டிக்காரன். சீப்ரா டேனியோ நல்ல மீன்தான், ஆனால் சிறிய தொட்டியில் அதன் ஓட்டம் நமக்கே தலை சுற்றும். ஏஞ்சல் மீன் சிக்லிட்டே என்றாலும் வளர்ந்த பிறகு இந்தக் குட்டிகளை அடக்கி ஆளும். கோரிடோரஸ் என்ற குட்டிக் கெளுத்தி சாதுவானது, ஆனால் அது தரையில் திரிவது. சிக்லிட் தன் சொத்தாக நினைக்கும் இடமும் தரைதான். முட்டையிட்ட ஜோடியின் எல்லைக்குள் கோரிடோரஸ் அப்பாவியாக நுழைந்து அடி வாங்கும், திருப்பி அடிக்கவும் தெரியாது.

டிதர் என்பதோடு டார்கெட் மீன் என்பதையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். முரட்டுச் சிக்லிட் ஜோடி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் இருக்க, சேர்ந்து விரட்ட ஒரு பொது எதிரியைக் கொடுப்பதுதான் டார்கெட். அது ஆத்திரத்துக்கு வடிகால். டிதர் பயத்துக்கு மருந்து. குட்டி சிக்லிட்களுக்குப் பெரும்பாலும் டிதர்தான் தேவை.

தொட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்

உயரமான தொட்டியை விடத் தரைப்பரப்பு அதிகமுள்ள தொட்டிதான் இவற்றுக்கு நல்லது. 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி தொட்டியில் சுமார் 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு ஜோடி ராமுக்கோ அபிஸ்டோவுக்கோ அது போதும். ஒரு ஆண் அபிஸ்டோவோடு இரண்டு மூன்று பெண்களை விடுவதானால் 3 அடி நீளம் பாருங்கள். ஒவ்வொரு பெண்ணும் தனக்கென்று ஒரு பொந்தையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பொந்துக்கு வீட்டில் இருக்கும் கொட்டாங்குச்சியே போதும். நாரைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். மீன்களின் எண்ணிக்கையை விட ஒன்றிரண்டு பொந்துகள் கூடுதலாக இருக்கட்டும். வாசல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது. எதிர் வீட்டுக்காரரின் முகம் தெரிந்துகொண்டே இருந்தால் சண்டைதான். கூழாங்கற்களை அடுக்குவதானால் சரியாதபடி கண்ணாடித் தரையிலேயே அடியைப் பதித்துவிடுங்கள், இவை மணலைத் தோண்டும்.

தரைக்கு மெல்லிய, முனை மழுங்கிய மணல் வேண்டும். ராமும் அபிஸ்டோவும் மணலை வாயில் அள்ளி, சலித்து, செவுள் வழியாக வெளியே விடும். பார்க்கவே அலாதியாக இருக்கும். கூரான எம்-சாண்ட் வாயையும் செவுளையும் கீறிவிடும். கடற்கரை மணலில் சிப்பித் தூள் இருப்பதால் தண்ணீரின் கடினத்தன்மை ஏறும். சலித்துக் கழுவிய ஆற்று மணல்தான் சரி. சந்தேகம் இருந்தால் ஒரு பிடி எடுத்து அதன்மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

அதன் மேல் சருகு. உலகமெங்கும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் சருகு, நம் தெருவோர நாட்டு வாதுமை மரத்தின் இலை. பள்ளிக்கூட வாசல்களில் குப்பையாகக் கூட்டித் தள்ளுகிறார்கள். தானாகக் காய்ந்து உதிர்ந்த பழுப்பு இலைகளை மட்டும் பொறுக்குங்கள். பூச்சிமருந்து அடித்த இடமாகவோ வண்டிப் புகை படியும் சாலையாகவோ இருக்கக் கூடாது. கழுவி, ஒரு நாள் ஊறவைத்துப் போட்டால் மூழ்கிவிடும். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரை மாற்றிவிடாதீர்கள், அமேசான் ஓடைகளில் பலவும் அந்த நிறத்தில்தான் ஓடுகின்றன.

வெளிச்சம் மிதமாக இருக்கட்டும். சால்வினியா மாதிரி மிதக்கும் செடிகள் மேற்பரப்பில் பாதியை மூடினால் மேலிருந்து வரும் நிழல் பயம் வெகுவாகக் குறையும். தொட்டியின் பின்பக்கத்திலும் இரு ஓரங்களிலும் கறுப்புத் தாளை ஒட்டிவிடுங்கள். நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரியும் தொட்டியில் எந்தத் துணை மீனாலும் பயன் இல்லை. காலையில் முதலில் அறை விளக்கு, கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி விளக்கு. கதவு படாரென்று அடிக்கும் இடமும் தொலைக்காட்சிக்குப் பக்கமும் வேண்டாம்.

தண்ணீர்

ஃபில்டர் ஓட ஆரம்பித்த அன்றே மீனை விடக் கூடாது. மீனின் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். ராம் இந்த விஷயத்தில் மிகவும் பலவீனமானது, புதுத் தொட்டியில் தாக்குப்பிடிக்காது. இரண்டாவது, தண்ணீரின் மென்மை. சென்னை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல பகுதிகளில் கடினமானது. ராமுக்கும் அபிஸ்டோவுக்கும் அதில் ஆர்.ஓ. தண்ணீரோ மழை நீரோ கலந்துதான் ஊற்ற வேண்டும். எவ்வளவு என்பது உங்கள் தண்ணீரைப் பொறுத்தது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிவிடுங்கள்.

இந்தக் கலப்பு வேலையெல்லாம் ஆகாது என்பவர்களுக்கு நம் ஊர் மீன் இருக்கிறது.

ஆரஞ்சு குரோமைடு

இந்தியாவில் இயற்கையாகவே வாழும் சிக்லிட்கள் மூன்றே மூன்றுதான். கேரளத்தின் மாநில மீனான கரிமீன், கர்நாடகக் கரையோர ஆறுகளில் வாழும் அதன் உறவுக்கார மீன், அப்புறம் இந்த ஆரஞ்சு குரோமைடு. கேரளத்தில் இதைப் பள்ளத்தி என்பார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்பங்கழி, கழிமுகம், ஆற்றின் கீழ்ப்பகுதி எங்கும் உண்டு. எட்டு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். உடலெங்கும் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள், விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு.

இதற்குக் கடினத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. லேசான உப்புக் கரிப்பு இருந்தால் இன்னும் நலம். ஆனால் கூச்சம் அதிகம். தனியாகவோ இரண்டாகவோ விட்டால் மூலைதான். ஐந்தாறு மீன்களைச் சிறு வயதிலேயே சேர்த்து விட்டால் ஒன்றுக்கொன்று தைரியம் சொல்லிக்கொண்டு வளரும், பிறகு தாமாகவே ஜோடி சேரும். இதற்குத் துணையாக மோலியை விடலாம். அதற்கும் கடினத் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் பிடிக்கும், மேல்மட்டத்திலேயே சுற்றும், யாருக்கும் பயப்படாது.

பார்லோ நெடுங்காலம் கவனித்த மீன்களில் இதுவும் ஒன்று. இதன் குஞ்சுகள் பெற்றோரின் உடலில் உரசி அங்கே சுரக்கும் வழுவழுப்பைக் கொத்தித் தின்பதை அவரும் சக ஆய்வாளரும் 1960-களில் பதிவு செய்தார்கள். கரிமீனின் உடலில் ஒட்டியிருப்பவற்றைக் கொத்திச் சுத்தம் செய்யும் பழக்கமும் இதற்கு உண்டு. ஆனால் கரிமீனின் முட்டை கிடைத்தால் அதையும் விடாது!

எந்த வரிசையில் விடுவது

முதலில் துணை மீன்கள். அவை இரண்டு மூன்று வாரங்களில் தொட்டியைத் தமதாக்கிக்கொள்ளும். நாம் பக்கத்தில் போனாலே தீனி வருகிறது என்று முன்பக்கத்துக்கு ஓடிவரப் பழகிவிடும். அப்புறம்தான் சிக்லிட். புதிதாக வந்தது ஒளிந்திருந்து பார்க்கும்போது, ஆள் வந்ததும் மற்ற மீன்கள் ஓடாமல் முன்னால் வருவதைக் காணும். அதற்கு இதை விடப் பெரிய சமாதானம் தேவையில்லை. வரிசையை மாற்றிச் செய்தாலும் பலன் உண்டு, நாள்தான் கூடும்.

தீனி விஷயத்தில் மட்டும் துணை மீன்கள் எதிரிகள். மேலே போடுவதையெல்லாம் அவையே காலி செய்துவிடும், கீழே இருப்பது பட்டினி கிடக்கும். முதலில் மேலே கொஞ்சம் மிதக்கும் தீனியைத் தூவி அவற்றைத் திசைதிருப்பிவிட்டு, மூழ்கும் குருணையையோ உறைய வைத்த புழுவையோ ஒரு சிரிஞ்ச் வைத்துப் பொந்து வாசலிலேயே இறக்குங்கள். கொசுப்புழு கிடைத்தால் அதற்கு ஈடு இணை இல்லை, எவ்வளவு கூச்சமுள்ள அபிஸ்டோவும் அதற்காக வெளியே வரும்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் ஆகியும் மீன் வெளியே வரவில்லை என்றால் காரணம் பயமாக இல்லாமல் இருக்கலாம். வயிறு ஒட்டியிருக்கிறதா, கழிவு வெள்ளை நூல் மாதிரி தொங்குகிறதா, மூச்சு வேகமாக இருக்கிறதா என்று பாருங்கள். அவை குடல் ஒட்டுண்ணி, செவுள் கோளாறு போன்றவற்றின் அறிகுறிகள்; துணை மீனால் தீராது, மருந்து வேண்டும்.

ஒளிந்திருப்பது பெண் அபிஸ்டோ என்றால், அதன் உடல் திடீரென்று எலுமிச்சை மஞ்சளாகிக் கறுப்புக் கோடுகள் பளிச்சென்று தெரிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அப்படியானால் அது பயந்து ஒளியவில்லை, பொந்தின் கூரையில் முட்டை ஒட்டிவைத்துக் காவல் காக்கிறது. தன்னைப் போல இரு மடங்கு பெரிய ஆணையே அது விரட்டும். தொட்டிக்குள் கை விட்டால் விரலையும் கொத்தும். குஞ்சுகளைக் காப்பாற்ற நினைத்தால் இந்தக் கட்டத்தில் டெட்ராக்களை வேறு தொட்டிக்கு மாற்றுவது நல்லது, ராத்திரியில் அவை குஞ்சுகளைப் பொறுக்கித் தின்றுவிடும். பென்சில் மீன் என்றால் சேதம் குறைவு, அப்படியே விட்டுவிடலாம். வெயில் காலத்தில் பொரித்த குஞ்சுகள் வளர்ந்ததும் பெரும்பாலும் ஆண்களாகவே இருக்கிறதே என்று ஆச்சரியப்பட வேண்டாம். முட்டையும் குஞ்சும் வளரும் காலத்துத் தண்ணீரின் சூடு கூடினால் அபிஸ்டோவில் ஆண்கள் கூடும் என்பது 1996-இல் வெளியான ஓர் ஆய்விலேயே தெரிந்துவிட்டது. பெண்கள் வேண்டுமென்றால் மார்கழி, தை மாதக் குளிர்ச்சியில் முட்டையிட விடுங்கள்.